ஐந்து வீட்டுக்கு ஒரு முகடு

கேட்பவர் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய தலை அசைந்துவிடும். "மேஸ்திரி, எங்க வூட்டுப் படி..." என்று ஒருவர் தொடங்கினால், படியைக் கட்ட வேண்டுமா, இடிக்க வேண்டுமா என்பது தெரியும் முன்பே, "அதுக்கு இன்னா, ஆயிடும்" என்பார். தமிழரிடம் அப்படி. கன்னடக்காரரிடம் "ஆகலி", தெலுங்கரிடம் "அட்லாகே", சுரங்கத்துத் துரைமாரிடம் "எஸ் சார்". கோலார் தங்க வயலில் புழங்கிய நான்கு மொழிகளிலும் சம்மதத்துக்கு உரிய சொல்லை மட்டும் அவர் பழுதறக் கற்றிருந்தார்.

பெயர் தெரியாது. ஊரார் மேஸ்திரி என்றார்கள். அவர் மனைவியும் அப்படியே அழைத்தாள். உயரமானவர். யாரோ காதில் ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று எண்ணிக் குனிந்தே பழகியவரைப் போல முதுகு சற்று வளைந்திருக்கும். கரணையையும் தூக்குக்குண்டையும் ஒரு தகர வாளியில் போட்டு எடுத்து வருவார். வாளி குலுங்கும் ஓசை தெருமுனையில் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று பொருளில்லை. முனைக்கும் மனைக்கும் இடையில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

என் மனைவி சென்ற பங்குனியில் காலமானாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கூடத்தில் வந்து அமர்வார்கள்; பிறகு கண்கள் தாமாக மேலே செல்லும்; எங்கள் கூரையைப் பார்த்து, "இதை யார் கட்டினது?" என்று கேட்பார்கள். நான் விவரம் சொல்வதில்லை. வந்த காரியம் வேறு. ஆயினும் அந்தக் கேள்விக்கு ஒரு முழு விடை இருக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்ற கையோடு, சுரங்கத்துப் பரிசோதனைச் சாலையில் வேலைக்கு அமர்ந்தேன். கல்லைப் பொடித்து, உலையில் இட்டு, அதில் பொன் எவ்வளவு என்று சொல்வது என் தொழில். இருக்கக் கொடுத்த இடம், கல் இடிக்கும் ஆலைக்கு அருகில் மூங்கில் தட்டியால் அடைத்த ஒரு வீடு. ஆலையின் இரும்பு உலக்கைகள் பகலும் இரவும் ஓயாது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் குரலை உயர்த்த வேண்டும். எங்கள் முதல் குழந்தை அந்த வீட்டில், ஒரு ஐப்பசி மழையில், ஜன்னி கண்டு இறந்தது. நான் உலையருகில் இருந்தேன். அவள் தட்டியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள். ஆலையின் இடியில் அது யாருக்கும் எட்டவில்லை. இதை, நேரம் கழித்து அவளை வந்து கண்ட அக்கம்பக்கத்தார் என்னிடம் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

இரண்டாவது முறை கருவுற்றபோது ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னாங்க, இந்தத் தட்டிக்குள்ள இன்னொரு தபா பெத்துக்க மாட்டேன்."

சுரங்க எல்லைக்கு வெளியே அப்போது புதிதாகத் தெருக்கள் வகுத்து மனை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனை கிடைத்தது. கட்டுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. கரணை பிடிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் இஞ்சின் கட்டடங்களுக்கும் புகைபோக்கிகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சியவர்கள் கரணையை வீட்டில் வைத்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார்கள். நான் அணுகிய முதல் கொத்தனார் என் வேட்டியையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொரை பங்களாவுக்கே ஆளு பத்தலீங்க" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கோலாரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். நிதானமான மனிதர். மனையில் முளையடித்து நூல் கட்டினார். பிற்பகலில், ஷிப்டு மாறும் நேரத்தில், கீழே வெடி வைத்தார்கள். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. காலடியில் யாரோ ஒரு பெரிய பெட்டியை நகர்த்துவது போல இருக்கும். நூல் நடுங்கியது. அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, இது இன்னா?"

"கீழே வெடி. தினமும் உண்டு."

"தெனமுமா?"

அவர் நூலைச் சுற்றத் தொடங்கினார். முளைகளைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு, மாலை ரயிலுக்குப் போய்விட்டார். 

மூன்றாமவர் பூதிகோட்டையில் இருந்தார். கைத்திறன் மிக்கவர் என்று பெயர். ஆனால் உள்ளத்தால் உழவர். மாசியில் போய்ப் பார்த்தேன். "உகாதி கழியட்டுங்க" என்றார். உகாதி கழிந்து போனேன். "மொத மய பேஞ்சிட்டா ஏரு பூட்டணுங்களே" என்றார். மழை பெய்யவில்லையே என்றேன். "அதாங்க, வானத்தையே பாத்துகினு கீறேன்" என்றார். அவர் ராகி விதைத்து, களையெடுத்து, அறுத்து முடிப்பதற்கும் எங்கள் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதற்கும் சரியாக இருக்கும்.

இப்படி அலைந்து களைத்திருந்த நிலையில்தான் அந்த வாளியின் ஓசை கேட்டது. மனைக்கு எதிரில் அவர் போய்க்கொண்டிருந்தார். "மேஸ்திரி, புரட்டாசிக்குள் கூரை போட வேண்டும்..." என்று தொடங்கினேன். தலை அசைந்துவிட்டது. "அதுக்கு இன்னாங்க ஐயா, ஆயிடும்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் மனைவி அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கிட்ட சரின்னாரு" என்றாள். "அங்க பாருங்க, அந்த அம்மா கிட்டயும் சரிங்கறாரு."

பக்கத்து மனையில் நின்ற ஆரோக்கியம்மாளிடம் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வரிசையில் ஐந்து மனைகள். எங்களுக்கு வலப்புறம் ஆரோக்கியம்மாள். அவர் கணவர் சவரிமுத்து, சுரங்கத்துக் கேஜை, அதாவது ஆட்கள் போய்வரும் கூண்டை, ஏற்றி இறக்கும் இஞ்சினை ஓட்டுபவர். இடப்புறம் அரிசிக் கடை துரைசாமி. அவருக்கு அப்பால் ஒரு தச்சர், கடைசியில் ஒரு தபால்காரர். ஐவருக்கும் அந்த ஒரே வாரத்தில் "ஆயிடும்" கிடைத்திருந்தது. ஐவரும் தமக்கு மட்டுமே கிடைத்ததாக எண்ணி மகிழ்ந்திருந்தோம்.

அவர் வேலை செய்த முறையை வேறெங்கும் கண்டதில்லை. காலையில் ஆரோக்கியம்மாள் மனையில் தொடங்கி ஒரு வரிசைக் கல் வைப்பார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மனைக்கு வந்து ஒரு வரிசை. அப்புறம் துரைசாமி, தச்சர், தபால்காரர். மறுநாள் கடைசியிலிருந்து திரும்பி வருவார். எந்த வீடும் மற்றதைவிட ஒரு கல் உயர்ந்ததில்லை, ஒரு கல் தாழ்ந்ததில்லை. ஆனி முடிவில் ஐந்து வீடுகளும் முழங்கால் உயரம். ஆடி பாதியில் ஐந்தும் இடுப்பு உயரம். 

துரைசாமி ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்து தெருவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த நீண்ட குட்டைச் சுவரைப் பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, நீங்க வூடு கட்றீங்களா, ஏரிக்கரை கட்றீங்களா?"

"வூடுதாங்க."

"மாடு மேய்க்கறவன் மேல ஏறி நடந்து போறான்யா! எங்க வூட்டுலருந்து தபால்காரரு வூடு வரிக்கும் ஒரே ரோடு!"

"அது தப்புங்க. நானு சொல்லி வெக்கறேன்."

"மாட்டுக்காரன் கிட்டயா?"

"அதுக்கு இன்னா, ஆயிடும்."

நான் கடிந்து பேசுபவன் அல்லேன். அதனால் ஒரு நாள், அவருடைய எல்லை எதுவென்று அறிய வேண்டி, "மேஸ்திரி, இந்த மனையிலேயே ஒரு கிணறும் வெட்டி, அதற்கு மேல் ஒரு மாடியும் கட்டிவிடுங்கள்" என்றேன். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. "ஆயிடுங்க. மாடி எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று கேட்டார். நான் கிழக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய மனைவி எங்கள் ஐந்து மனைகளுக்கும் மண் குழைப்பவள். சிறிய உருவம், பெரிய குரல். வேலைக்கு நடுவில் நிமிர்ந்து, பொதுவாகத் தெருவைப் பார்த்துச் சொல்வாள்: "எமன் வந்து கூப்ட்டாலும் 'அதுக்கு இன்னா'ன்னுட்டு எந்திரிச்சிப் போயிடுவாரு. எங்க போறன்னு கூட கேக்க மாட்டாரு." அவர் அதையும் தலையசைத்தே கேட்டுக்கொள்வார்.

ஒரு நாள் முழுவதும் அவர் வரவில்லை. மாலையில் தேடிப் போனேன். பொதுக் கிணற்றடியில் ஒரு வெள்ளாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மேஸ்திரி, இதென்ன?"

"தண்ணி மொண்டுகினு வந்துர்றேன், கொஞ்சம் புடிங்கன்னு ஒரு அம்மா சொல்லிட்டுப் போச்சிங்க."

"எப்போது?"

"காத்தாலைங்க."

ஆட்டுக்கு எங்கிருந்தோ தழை ஒடித்துவந்து போட்டிருந்தார். அந்த அம்மாள் மொண்ட நீரை வீட்டில் வைக்கப் போய், அங்கே ஏதோ சேதி வந்து, அப்படியே மாரிகுப்பம் போய்விட்டாள் என்று பின்னர் தெரிந்தது. கயிற்றை மரத்தில் கட்டியிருக்கலாமே என்றேன். "புடிங்கன்னு சொன்னாங்களே" என்றார். கிணற்றுச் சுவரில் சாய்ந்து சற்றே உட்கார்ந்திருக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று பங்களாத் தெருவில் நடந்தது. மார்கழிக் குளிருக்கு அஞ்சிய ஒரு துரைசானி, கூடத்தில் குளிர்காய நெருப்பிடம் வேண்டும் என்று கைகளைத் தேய்த்தும் ஊதியும் காட்டினாள். சொல்லி முடிப்பதற்குள் "எஸ் மேடம்" கிடைத்தது. அப்படியொரு பொருளை அவர் கண்டதில்லை. நெருப்பு என்பது புரிந்தது. கூடம் என்பது புரிந்தது. கல்யாணப் பந்திக்குச் சோறு வடிக்கத்தக்க பெரிய கோட்டையடுப்பு ஒன்றை, மூன்று குமிழும் சாணி மெழுக்குமாகக் கூடத்தின் நடுவில் கட்டிக்கொடுத்தார். துரைசானி நாற்காலியில் விழுந்து சிரித்தாளாம். இடிக்கச் சொல்லவில்லை, அதன்மேல் பூந்தொட்டிகளை வைத்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளத் தொடங்கிய யாரும் அவரிடம் அதை முடித்ததில்லை.

ஆவணி வந்தது. சுவர் மார்பளவு. என் மனைவிக்கு எழுந்து நடப்பதே பாரமாக இருந்தது. நான் அவரிடம் காலையிலும் மாலையிலும் சொன்னேன். காலையிலும் மாலையிலும் சம்மதம் பெற்றேன். ஒரு நாள் அவள், "நீங்க போங்க, நானு பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஒரு முறத்தில் அவரைக்காயை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் அமர்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. காயை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மேஸ்திரி வந்து ஒரு வரிசை வைத்தார். வாளியைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மேஸ்திரி."

நான்கு அடி நடந்தார். திரும்பி வந்தார்.

"தண்ணி கிண்ணி?"

"வேணாம்."

கேட்காத ஒருவருக்கு எப்படிச் சம்மதிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கலங்கிப்போய், வாளியை இறக்கி வைத்து, எங்கள் சுவரில் இரண்டாவது வரிசை வைத்தார். அன்று முதன்முறையாக எங்கள் வீடு தெருவில் தலைநிமிர்ந்து நின்றது. அந்தப் பெருமிதம் ஒரே ஒரு நாள் நீடித்தது. மறுநாள் ஆரோக்கியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டு தம் மனையில் உட்கார்ந்திருந்தார். துரைசாமியின் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் தச்சர் வீட்டிலும் தபால்காரர் வீட்டிலுமிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஐந்து கற்களின் மேல் ஐந்து பெண்கள், வாயைத் திறக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நடுவில் ஓடினார். அவ்வாரத்தில் எல்லாச் சுவர்களும் தலைக்குமேல் எழும்பின. எல்லாம் ஒரே உயரத்தில்.

ஆவணிக் கடைசியில் பூதிகோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. ஐந்து வீட்டு ஆண்களும் அன்று காலையில், ஒருவர் அறியாமல் ஒருவர், அவரைத் தனியே பிடித்து, தம் வீட்டுக்குத்தான் முதலில் கூரை போட வேண்டும் என்றோம். ஐவருக்கும் சம்மதம் தந்தார். பிறகு தெருவின் எதிர்ப்புறம் போய், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து, மேகத்தையும் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சும்மா அமர்ந்திருந்து நான் பார்த்தது அன்றுதான். ஐந்து பேருக்கும் முதலில் கூரை போட வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை அவர் கண்டுகொண்டார்.

"கம்பெனி லைனு மாதிரிங்க" என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "அஞ்சி வூட்டுக்கும் சேத்து ஒரே மொகடு. ஒரே நாள்ல ஓடு ஏறிடும்."

சுரங்கத்துக் கூலிக்காரர் குடியிருந்த நீள வரிசைகளைத்தான் லைன் என்பார்கள். துரைசாமி தலையில் அடித்துக்கொண்டார். "லைனு வூட்ட வுட்டு ஓடியாந்து மன வாங்கினா, இங்கயும் லைனாய்யா? பக்கத்து வூட்ல ஏப்பம் வுட்டா நானு இன்னா சாப்ட்டீங்கன்னு கேக்கணுமா?"

"வீட்டுக்கு வீடு இடையில் உள்ள குறுக்குச் சுவர் முகடு வரையில் எழும்புமல்லவா?" என்று நான் கேட்டேன்.

"எழும்பும்ங்க ஐயா. கூர ஏறட்டும். அப்பால அது ஆயிடும்."

மழைக்கு எதிரில் வாதம் எடுபடவில்லை. தச்சர் விட்டங்களை இழைத்துக் கொடுத்தார். ஷிப்டு முடிந்து வந்த சவரிமுத்து இஞ்சின் எண்ணெய் படிந்த கையோடு மேலே ஏறினார். நான், துரைசாமி, தபால்காரர், பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று ஓட்டைக் கை மாற்றினோம். எனக்கு ஓட்டை நீட்டியது தபால்காரர். நான் நீட்டியது ஆரோக்கியம்மாளிடம். "ஐயா, தங்கம் நிறுக்கற கைங்க அது. மெல்லவே தாங்க, ஆனா கொஞ்சம் வெரசா தாங்க" என்றார் அவர். கடைசி ஓடு ஏறிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் தட்டி வீட்டிலிருந்து நனைந்துகொண்டே குடிவந்தோம்.

புரட்டாசியில் ஒரு பிற்பகல். நான் உலையருகில் இருந்தேன். எதிர்பார்த்த நாளுக்கு முன்னதாகவே அவளுக்கு வலி கண்டுவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு முறை கூப்பிட்டிருக்கிறாள். ஆரோக்கியம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்த கையைக் கழுவவும் நிற்காமல் ஓடிவந்து, எங்கள் வாசலில் கழுவியிருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது உள்ளே போக இடமில்லை, வாசற்படியில் நின்றேன். கூரைக்கடியில் குரல்கள் சுவருக்குச் சுவர் தாவிக்கொண்டிருந்தன.

"இன்னா கொயந்த?"

"பொண்ணு!"

"தாயி எப்டி கீறா?"

"நல்லாக் கீறா! கஞ்சி கேக்கறா!"

"தலமுடி கீதா?" இது துரைசாமி.

"உனுக்கு இல்லாதது எல்லாம் கீது!" இது ஆரோக்கியம்மாள்.

என் மகளுக்குத் தலை நிறைய முடி என்பதை அவளைக் காண்பதற்கு முன்பே நான் அறிந்தேன். அதே நேரத்தில் கடைசி வீட்டுத் தபால்காரரும் அறிந்தார்.

கூரை வந்தது; குறுக்குச் சுவர்கள் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டன. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அவை முடிந்து, அங்கிருந்து முகடு வரையில் திறந்த வெளி. ஐந்து குடும்பங்களும் ஒரே காற்றை மூச்சு வாங்கின. வெள்ளிக்கிழமை ஆரோக்கியம்மாள் வீட்டு மீன் குழம்பு எங்கள் கூடத்துக்கு வரும். சனிக்கிழமை எங்கள் வெந்தயக் குழம்பு அங்கே போகும். நான் வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் உள்ளவன். ஒரு நாள் ஒரு செய்யுளை ஓதி நிறுத்தியபோது சுவருக்கு அப்பாலிருந்து, "அப்பால இன்னா ஆச்சி ஐயா?" என்று சவரிமுத்துவின் குரல் கேட்டது. அதன்பின் மனத்துக்குள் படித்தேன். நானும் மனைவியும் கண்களால் சண்டையிடக் கற்றுக்கொண்டோம். அதில் அவளே எப்போதும் வென்றாள்.

எனக்கு அது பெருங்குறை. எனக்கென்று நான்கு சுவர் வேண்டும் என்றுதான் மனை வாங்கினேன். மேஸ்திரியை எங்கே கண்டாலும் சொல்வேன். சந்தையில், ரயிலடியில், ஒரு முறை சுடுகாட்டுக்குப் போகும் வழியில் கூடச் சொன்னேன். "அதுக்கு இன்னாங்க ஐயா, வர வெள்ளிக்கெயம ஆயிடும்." என் மகள் தவழ்ந்து, நடந்து, பலகையில் எழுதத் தொடங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பேட்டையில் ஒரு விந்தையான சேதி பரவியது. மேஸ்திரி குப்பம் என்ற ஊரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம்; போவதற்கு முன் ஒப்புக்கொண்டதையெல்லாம் செய்து முடிக்கிறாராம். மறந்தே போன தாழ்ப்பாள்கள் கதவுகளில் முளைத்தன. கோழிக் கூண்டு கேட்டிருந்த ஒருவர் இறந்து போயிருந்தார். அவர் மகன் கோழி வளர்ப்பதில்லை. ஆயினும் கூண்டு எழும்பிவிட்டது. "எங்க அப்பன் கேட்டாராம். இவரு சரின்னாராம். நடுவுல நானு யாரு?" என்று அந்த மகன் தெருவில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வாளி குலுங்கியது. தலை நரைத்திருந்தது, கூன் முதிர்ந்திருந்தது. பின்னால் ஒரு கைவண்டியில் கல்லும் சுண்ணாம்பும். "ஐயா, அந்தக் குறுக்குச் செவுரு" என்றார்.

நான் மகிழ்ச்சியோடு எழுந்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள்.

"வேணாம் மேஸ்திரி."

"நானு சொல்லியிருந்தேங்களே அம்மா."

"சொன்னீங்க. வேணாம்."

"கட்டட்டும்" என்றேன். "எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

"ஆயிடுங்க ஐயா" என்று கரணையை எடுத்தார். அவள் அசையவில்லை. கரணையை வைத்தார். "சரிங்கம்மா" என்றார். மறுபடியும் என்னைப் பார்த்து எடுத்தார். இருவருக்கும் இணங்கி இருவர் முன்னிலும் நிற்பது அவருக்குப் புதிதல்ல; ஆனால் அந்தச் சுவரை ஒரே சமயத்தில் கட்டவும் கட்டாமலிருக்கவும் வழியில்லை.

அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் பேசினாள்.

"மேஸ்திரி, தட்டி வூட்ல மொதக் கொயந்தைக்கு ஜன்னி கண்டப்ப நானு கத்தனேன். தொண்ட கிழியக் கத்தனேன். ஆலை சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. கொயந்த ஆறிப்போற வரிக்கும் கத்திகினே இருந்தேன். இந்த வூட்ல ஒரே ஒரு தபாதான் கூப்ட்டேன். அக்கா வந்துட்டாங்க. ஐயாவுக்குச் செவுரு வேணும். எனக்கு வேணாம்."

அந்த நாளைப் பற்றி அவள் என் காதுபடப் பேசியது அதுவே முதல் முறை.

சுவருக்கு அப்பாலிருந்து ஆரோக்கியம்மாளின் குரல் வந்தது. "நல்லாச் சொல்லு தங்கச்சி! அவரு அந்தப் பக்கம் கட்டட்டும், நானு இந்தப் பக்கத்துலருந்து இடிக்கறேன்!"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். வழக்கம்போலத் தலை அசையத் தொடங்கி, பாதியில் நின்றது. உதடுகள் எதையோ தேடின.

"முடியாதுங்க ஐயா."

தாழ்ந்த குரலில் சொன்னார். தாம் சொன்னதைத் தாமே நம்பாதவரைப் போலச் சற்று நின்று, "என்னால முடியாதுங்க" என்று இன்னொரு முறை, முன்னைவிடத் தெளிவாகச் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. என் மனைவி மோர் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்து முடித்து, கரணையை வாளியில் போட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருந்தவற்றையெல்லாம் ஐந்து வீடும் கேட்டிருக்கும். ஆனால் அன்று முதல் யாரிடமும் அந்தச் சுவரைப் பற்றி நான் பேசியதில்லை.

கைவண்டி தெருவில் இறங்கியபோது துரைசாமி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, அந்தக் கல்ல ஏன் சொம்மா எடுத்துகினு போறீங்க? நம்ம கட வாசல்ல..."

"அதுக்கு இன்னா, ஆயிடும்" என்றார். அன்று அவர் குப்பத்து ரயிலைத் தவறவிட்டார். மறுநாளும் தவறவிட்டார் என்று கேள்வி. பிறகு போய்விட்டார்.

சென்ற பங்குனியில், அவள் போன அன்று முற்பகல். நான் பின்புறத்தில் முருங்கைக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களையில் இருந்தாள். உரக்கக் கூப்பிடும் வலு சில மாதங்களாகவே அவளுக்கு இல்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. குடத்தை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, ஆரோக்கியம்மாள் தரையில் அமர்ந்து, அவள் தலையை மடியில் ஏந்தியிருந்தார். துரைசாமியின் மருமகள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தச்சர் வீட்டுப் பெண் ஒரு செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

ஆரோக்கியம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கூப்ட்டா ஐயா. வந்துட்டேன்" என்றார்.